வருகைப் பதிவேட்டில் ஒரு சாட்சி

கல்கத்தாவில் அப்போது எழுபது லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்துவை அறியாத அவிசுவாசிகள். அத்தனை பேரையும் ஒரே ஆள் கவனித்துக்கொள்வது லேசான காரியம் அல்ல. இருந்தாலும் பெஹாலாவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்த அருமைநாயகம், அறுபத்து மூன்றாம் வருஷம் ஹௌராவில் டிரங்குப் பெட்டியோடு இறங்கிய நிமிஷத்திலிருந்து அந்தப் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே, ஏற்றுக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் நின்று பிரசங்கம் பண்ணுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. துண்டுப் பிரசுரம் கொடுப்பதிலும் இல்லை. கொடுத்துப் பார்த்ததில் எல்லாம் கடலை மடிக்கத்தான் போனது. "வாய் பேசக்கூடாது, நடக்கை பேசணும்" என்பது அவருடைய கட்சி. நல்லபடியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவன் பார்ப்பான். பார்த்து அதிசயப்படுவான். அதிசயப்பட்டு ஒருநாள் கிட்டே வந்து, "உங்களால் மட்டும் எப்படி ஐயா இப்படி இருக்க முடிகிறது?" என்று கேட்பான். அப்போது சொல்ல வேண்டிய பதிலை அவர் தயாராக வைத்திருந்தார். மூன்று பகுதிகளாகப் பிரித்து, பதினாலு நிமிஷம். கேட்பவர் கண்ணீர் விட நேர்ந்தால் அதற்கு நடுவில் இடமும் விட்டிருந்தார்.

பதினோரு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு அவர் காரணமில்லை. டிராமில் உட்கார இடம் கிடைத்தால் உடனே எழுந்து யாருக்காவது கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகு அவர் எதிரிலேயே நின்று, மலர்ந்த முகத்துடன், உள்ளே ஏதாவது அசைகிறதா என்று மூன்று ஸ்டாப்புக்குக் கண்கொட்டாமல் பார்ப்பார். பாதிப் பேர் அதைத் தாங்க முடியாமல் தங்கள் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவார்கள். ஒரு கிழவர் மட்டும் துணிந்து வங்காளி பாஷையில், "என்னைத் தெரியுமா உங்களுக்கு? ஏதாவது பாக்கியா?" என்று கேட்டார். அது அருமைநாயகம் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

காலையில் முற்றத்துக் குழாயடியில் அவருடைய வாளி எப்போதும் கடைசி. முதலில் வைத்தாலும் யாராவது வந்தால் எடுத்துப் பின்னால் வைத்துவிடுவார். ஆறு குடித்தனக்காரர்களும் இதை ஒரு இயற்கை நியதியாக எடுத்துக்கொண்டார்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் நின்ற பிறகு அவருடைய முறை வரும்.

"நீங்க ஊருக்கு முன்மாதிரியா இருங்க, நான் வேண்டாங்கல" என்பாள் அவருடைய மனைவி லில்லிபுஷ்பம். "ஆனா அவிசுவாசிங்க எல்லாரும் குளிச்சிட்டுப் போயிட்டாங்க. விசுவாசி வீட்லதான் அரிசி களையத் தண்ணியில்ல."

"பொறு லில்லி. பார்த்துக்கிட்டே இருக்காங்க."

"பார்க்கத்தான் செய்யுதாங்க. பார்த்துட்டு, நாளைக்கு இன்னும் ரெண்டு வாளி சேர்த்து வைக்கலாம்னு கணக்குப் போடுதாங்க."

அருமைநாயகம் வேலை பார்த்தது கிடர்பூரில், கப்பல் வந்தால் தூக்கி வழிவிடும் தூக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஹார்க்னஸ் கம்பெனி என்கிற கப்பல் ஏஜென்சியின் ஏற்றுமதிப் பிரிவில். பெஹாலாவிலிருந்து கிடர்பூருக்கு டிராமில் முக்கால் மணி. பிறகு பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடை. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பத்துக்குள் போய்விடலாம். அவர் எட்டேமுக்காலுக்கே கிளம்புவார். ஆனாலும் ஒருநாளும் பத்தே இருபதுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததில்லை. வழியில் அவ்வளவு நன்மை காத்துக்கொண்டிருந்தது. ஸ்டாப்பில் எல்லாரையும் முதலில் ஏறச் சொல்லி இரண்டு டிராமைத் தவறவிடுவார். மாஜேர்ஹாட் பாலத்தின் ஏற்றத்தில் கைவண்டி எதையாவது கண்டால் டிராமிலிருந்து குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுவார். சாலையோரம் நிற்கும் பார்வையற்றவர் ஒருவரை அவர் தினமும் கைபிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவார். அந்த மனிதர் லாட்டரிச் சீட்டு விற்கிறவர். இந்தப் பக்கம்தான் அவருடைய இடம். இவர் தலை மறைந்ததும் வேறு யாரையாவது கெஞ்சித் திரும்பி வருவார்.

தாமதம் என்பது ஹார்க்னஸ் கம்பெனியில் ஒரு பிரச்சினையே அல்ல. அங்கே வருகைப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. வந்த வரிசைப்படி ஒருவர் கீழ் ஒருவராகப் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸ் பத்து மணிக்கு. பத்தேகால் வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் சிவப்புக் கோடு. மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் ஒருநாள் கேஷுவல் லீவு வெட்டு. பத்தேமுக்காலுக்கு பியூன் நிதாய் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் லாஹிரியின் மேஜைமேல் வைப்பார். லாஹிரி பதினோரு மணிக்கு வந்து அதைப் பார்ப்பார். ஆகவே பத்தேமுக்காலுக்குள் யார் வந்தாலும் 'பத்து மணி' என்று எழுதிவிட்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொள்வது கிளைவ் காலத்திலிருந்து இருந்துவரும் சம்பிரதாயம். யாரையும் ஏமாற்றுவதாக யாரும் நினைக்கவில்லை. லெட்டரில் 'தங்கள் பணிவுள்ள' என்று எழுதுவது மாதிரி அதுவும் ஒரு மரியாதை. அருமைநாயகமும் பதினோரு வருஷமாக அந்த மரியாதையைச் செலுத்தித்தான் வந்தார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் ஆராதனைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். 'சின்னப் பொய்' என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பொய் எது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி, ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் சபை முழுவதும் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்தது. அருமைநாயகத்தின் முதுகு மட்டும் வேர்த்தது.

மறுநாள் அவர் பதிவேட்டில், திருத்தமான எழுத்தில், பத்து இருபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு அடுத்தபடி வழக்கமாக வருகிறவர் பட்டாபிராமன். லேக் கார்டன்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, முழங்கால் வலியோடு வருகிற மனிதர். செக்ஷனில் மூத்தவர். அவர் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஓய் நாயகம், என்ன எழுதியிருக்கீர்?"

"மணி என்னவோ அதை, சார்."

"மணி என்னன்னு உம்மை யாராவது கேட்டாளா?"

"எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்குல்லா சார்."

"கட்டம் இருந்தா? உமக்குக் கீழே நான் பத்துன்னு எப்படி எழுதறது? நீர் பத்து இருபத்திரண்டுக்கு வந்த அப்புறம் நான் பத்து மணிக்கு வந்தேனா? மேலேர்ந்து கீழே வரச்சே கடிகாரம் பின்னாடி போறதா?"

அன்று அருமைநாயகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் வேறு வழியில்லாமல் பத்து இருபத்திரண்டு என்றே எழுதினார்கள். எட்டுப் பேர் ஒரே நிமிஷத்தில் ஒரே கதவு வழியாக நுழைந்திருந்ததைக் கண்டு லாஹிரி மகிழ்ந்துபோய், எட்டுச் சிவப்புக் கோடு போட்டார்.

மற்ற ஆறு பேரும் வைததோடு விட்டுவிட்டார்கள். பட்டாபிராமனால் அப்படி விட முடியவில்லை. ஆவணி மாதம் அவருடைய மகள் ஜலஜாவுக்கு மாயவரத்தில் கல்யாணம். போன வருஷம் மனைவிக்கு ஆபரேஷன் நடந்ததில் மற்ற லீவெல்லாம் கரைந்துபோயிற்று. கைவசம் இருந்தது பதினோரு நாள் கேஷுவல் லீவு மட்டும். ரயில் பிரயாணம், சடங்குகள், சம்பந்தி உபசாரம் எல்லாம் சேர்த்து ஒன்பது நாள் கட்டாயம் வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும், மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் காசியாத்திரை கிளம்பும் நேரத்தில் பெண்ணின் தகப்பனார் மெட்ராஸில் வண்டி மாறிக்கொண்டிருப்பார். கூப்பிட ஆளில்லாவிட்டால் மாப்பிள்ளை நிஜமாகவே காசிக்குப் போய்விடுவாரோ என்று பட்டாபிராமனுக்குப் பயம்.

எட்டு வேலை நாள் சென்றது. எட்டுச் சிவப்புக் கோடு. பதினோரு நாள் லீவு ஒன்பதாயிற்று. மிச்சம் இரண்டு கோடு கணக்கில் நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று விழுந்தால் எட்டு.

எல்லோருமாகச் சேர்ந்து கெஞ்சினார்கள். தூதுக்குழுவுக்கு மருதமுத்து தலைவர். கிடர்பூரிலேயே வீடு இருந்தும் தினமும் பத்தரைக்கு வருகிறவர், யூனியன்காரர்.

"அண்ணாச்சி, ஒரு வேலை செய்யுங்க. நாங்க எல்லாரும் போட்ட பெறகு நீங்க கடைசியா வந்து போடுங்க. நீங்க உங்க உண்மையை எழுதிக்கிடுங்க, நாங்க எங்க உண்மையை எழுதிக்கிடுதோம்."

"அதாவது, ஏழு பேரு பொய் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துல நின்னு காவல் காக்கணும்?"

"காவல் இல்ல அண்ணாச்சி. சும்மா ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க. கப்பலைப் பாருங்க."

"நான் திரும்பி நின்னா மேலே இருக்கிறவர் திரும்பி நிற்பாரா, மருதமுத்து?"

"உங்க மேனேஜர் லாஹிரியை விட ரொம்பக் கறாரா இருக்காரே" என்றார் மருதமுத்து.

"அந்தப் பொண்ணு கல்யாணத்தை நெனைச்சாவது" என்று பட்டாபிராமன் ஆரம்பித்தார்.

"ஜலஜாவுக்காகத் தினமும் ஜெபம் பண்ணுதேன் சார்" என்றார் அருமைநாயகம், மனம் உருகி. அது உண்மை. பெயர் சொல்லி, மாப்பிள்ளையின் உத்தியோகம் உட்பட, ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவரை விட்டுவிட்டுக் கூட்டம் டீக்கடைக்கு இடம் மாறியது. அங்கேதான் மருதமுத்துவுக்கு யோசனை பிறந்தது. அருமைநாயகத்தைப் பொய் எழுத வைக்க முடியாது. அது முடிந்துபோன விஷயம். ஆனால் பத்து மணிக்கு முன்னால் அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால்? அவர் ஒன்பது ஐம்பது என்று உண்மையை எழுதட்டும். கீழே மிச்சம் பேர் பழையபடி மரியாதை செலுத்தலாம்.

"எப்படிய்யா கொண்டுவரது? வழியில ஒரு கைவண்டி கண்ணில பட்டா போறுமே" என்றார் பட்டாபிராமன்.

"கைவண்டியை விடப் பெரிய கஷ்டம் ஒண்ணை நாம குடுத்துடணும்" என்றார் மருதமுத்து.

மறுநாள் காலை எட்டேமுக்காலுக்குக் கிளம்பி அருமைநாயகம் பெஹாலா டிராம் ஸ்டாப்புக்கு வந்தபோது, மருதமுத்து அங்கே விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, தலை சுத்துது. மச்சினன் வீட்டுக்கு வந்தேன். எப்படியாவது ஆபீஸ்ல கொண்டு சேர்த்துருங்க."

அதற்கப்புறம் என்ன? நோயாளியை வைத்துக்கொண்டு டிராமைத் தவறவிட முடியுமா? மற்றவர்களை முதலில் ஏற விடத்தான் முடியுமா? அருமைநாயகம் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கி, நோயாளியை ஏற்றி, ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார வைத்து, மாஜேர்ஹாட் ஏற்றத்தில் மூச்சிரைத்த கைவண்டிக்காரனை மனத்தால் மட்டும் தள்ளிக்கொடுத்து, ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஆபீஸில் கால் வைத்தார். பதிவேட்டில் ஒன்பது நாற்பத்தெட்டு என்று எழுதினார். மருதமுத்து கீழே தன் பெயரையும் அதே நேரத்தையும் எழுதினார். எட்டு வருஷ சர்வீஸில் அவர் எழுதிய முதல் உண்மையான நேரம் அது.

அன்றிலிருந்து ஏற்றுமதிப் பிரிவில் ஆரோக்கியம் அடியோடு குன்றிவிட்டது. முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒருநாள் பெஹாலா ஸ்டாப்பில் விழுந்தார்கள். சாட்டர்ஜிக்கு வயிறு. (வங்காளிக்கு வயிற்றைப் பற்றி நடிக்கவே வேண்டாம், கேட்டால் போதும், டிராம் கிடர்பூர் சேரும்வரை நிஜத்தையே சொல்வார்.) தத்தாவுக்கு மூச்சு, ஆடி மாதப் புழுக்கத்தில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவருக்கு இடுப்புப் பிடிப்பு வலது பக்கம் ஆரம்பித்து, மாஜேர்ஹாட்டில் மறந்துபோய், இடது பக்கமாக இறங்கியது.

அருமைநாயகத்துக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. உண்மையான கையெழுத்து ஒன்றைப் போட்டதற்குப் பரிசாகத் தமக்கு ஒரு புதிய ஊழியம் கொடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் வந்து சொன்னார்.

"லில்லி, ஏழு பேரும் வியாதியஸ்தர்கள். ஏழு பேரும் என்னைத்தான் தேடி வாராங்க. ஏன்? நீயே சொல்லு."

"ஏழு பேருக்கும் வேற வேற ஏரியால வீடு. தலை சுத்துனா ஏன் எல்லாவனும் பெஹாலாவுல வந்து சுத்துதான்? அதை மொதல்ல நீங்க சொல்லுங்க."

"உனக்கு எப்பவும் சந்தேகம்தான்."

சபையில் அவரவர் பெற்ற நன்மையைச் சொல்லும் அடுத்த சாட்சிக் கூட்டத்தில் அவர் எழுந்து, தம்மைச் சுமைதாங்கியாக்கிய கிருபையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லில்லிபுஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்தவள், பாவம், உள்ளம் உடைந்துவிட்டது என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இப்படியே ஏழு வாரம். ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை.

பட்டாபிராமன் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. வீட்டார் முன்னமே போயாயிற்று. சாயங்காலம் ஹௌராவில் மெட்ராஸ் மெயில். பகலில் ஆபீஸில் தலையைக் காட்டி, ஒன்பது நாள் லீவுக்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இந்த ஒருநாள் பிசகக்கூடாது என்பதால் அன்றைய வியாதியை அவர் யாரையும் நம்பி விடவில்லை. லேக் கார்டன்ஸிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகப் புறப்பட்டு, பெஹாலா ஸ்டாப்பில் தாமே வந்து நின்றார். தலைசுற்றல். மருதமுத்து சொல்லிக்கொடுத்தபடி கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு இரண்டு பேரும் தூக்குப் பாலத்துக்கு வந்தார்கள். பாலம் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. ஏதோ ஒரு கப்பல் உள்ளே வருகிறதாம். கப்பலைக் காணோம். தூக்கிய பாலம் மட்டும் இருந்தது. பின்னால் பஸ்களும் லாரிகளும் கைவண்டிகளும் சேர்ந்துகொண்டே போயின. ஒன்பதே முக்கால், பத்து, பத்தேகால். கப்பல் ஒருவழியாக மூக்கை நீட்டி, கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தது.

பட்டாபிராமனுக்கு இப்போது நிஜமாகவே தலை சுற்றியது. ஒரு கைவண்டியின் ஓரத்தில் சாய்ந்துவிட்டார். அருமைநாயகம் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு, டிபன் கேரியர் மூடியைக் கழற்றி விசிறினார்.

"விசிறாதேயும், நாயகம்" என்றார் பட்டாபிராமன். "நேக்கு வியாதி ஒண்ணும் இல்லே."

"பேசாதீங்க சார். அப்படியே சாஞ்சுக்கிடுங்க."

"வியாதி இல்லேங்கறேன். யாருக்கும் இல்லே. மருதமுத்துக்குத் தலை சுத்தலே. தத்தாவுக்கு மூச்சு நன்னா வரது. எல்லாம் உம்மைப் பத்து மணிக்குள்ள கொண்டு சேர்க்கறதுக்காக. நீர் பாட்டுக்கு இருபத்திரண்டுன்னு எழுதிடுவீர்னு. ஏழு வாரமா உம்மை ஏமாத்திண்டிருக்கோம். இன்னிக்கு வீசற கையைப் பார்த்துண்டு நேக்குப் பொறுக்கலே. சொல்லிட்டேன்."

விசிறிய கை நின்றது. கப்பலின் பின்பாகம் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஏழு வாரத்து ஊழியம் கண் முன்னால் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று. சாட்டர்ஜியின் வயிறு. மஃப்ளர். சபையில் பேசிய இருபது நிமிஷம். இத்தனை நாளும் இவர்களைத் தாம் சுமந்துகொண்டு போவதாக எண்ணியிருந்தார். இவர்களோ முறை போட்டுக்கொண்டு அவரைச் சுமந்திருக்கிறார்கள். அதுவும் விடியற்காலையில் எழுந்து, ஊரைச் சுற்றி வந்து. அவருடைய உண்மையைக் காப்பாற்ற ஏழு அவிசுவாசிகள் தூக்கம் கெட்டிருந்தார்கள்.

பாலம் இறங்கியபோது பத்து முப்பத்தாறு. இறங்கி முடிவதற்குள் கூட்டம் பாய்ந்தது. பட்டாபிராமனின் முழங்கால் பாயவில்லை. அருமைநாயகத்தின் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். கம்பெனி வாசலுக்கு வந்தபோது பத்து நாற்பத்து மூன்று. பின்னால் மருதமுத்துவும் மற்றவர்களும் மூச்சிரைக்க ஓடிவருவது தெரிந்தது. உள்ளே நிதாய் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்னதாக வந்திருந்த இரண்டு பேர் 'பத்து மணி' என்று எழுதியிருந்தார்கள்.

பட்டாபிராமன் ஒதுங்கி நின்றார். உண்மையைச் சொல்லிவிட்டவருக்கு வருகிற விபரீதமான பெருந்தன்மை அவருக்கு வந்திருந்தது.

"நீர் முதல்ல போடும். மணி என்னவோ அதையே போடும். உமக்குக் கீழே நானும் அதையே போட்டுட்டுப் போறேன். என் தலையெழுத்து அவ்வளவுதான். ஜலஜாவை எங்க அண்ணா தாரை வார்த்துக் கொடுக்கட்டும்."

அருமைநாயகம் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். முதலில் எழுதினால் பட்டாபிராமனுக்குச் சிவப்புக் கோடு. மற்றவர்களை எழுதவிட்டுக் கடைசியில் எழுதலாமென்றால், பட்டாபிராமன் இவரை எதிரில் வைத்துக்கொண்டு பத்து என்று எழுதமாட்டார் போலிருந்தது. எழுதவே எழுதாமல் போய் நாற்காலியில் உட்காரலாமென்றால், பதினோரு மணிக்கு லாஹிரி கூப்பிட்டுக் கேட்பார். கேட்டால் பாலத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் யார் யார் கூட வந்தார்கள் என்பார். அதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தெரியாத மனிதன் ஒளிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அன்றைக்கு வேலைக்கே வராதவர்களின் இடம்.

"நீங்க போங்க சார்" என்றார். "எனக்கு ஒரு டீ குடிக்கணும்."

"என்னது?"

"டீ."

பதினோரு வருஷத்தில் வேலை நேரத்தில் வெளியே டீ குடிக்காத ஒரே குமாஸ்தா அவர். பட்டாபிராமன் வாயைத் திறந்தார். அதற்குள் அருமைநாயகம் எதிர்ச் சாரிக் கடையை நோக்கிப் பாதிச் சாலையைக் கடந்துவிட்டார். பின்னால் வந்த மருதமுத்து, "என்ன சார் சிலை மாதிரி நிக்கிறீங்க, ஓடுங்க!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளியதில் பட்டாபிராமன் பதிவேட்டின் மேலேயே போய் விழுந்தார். பத்து மூன்று என்று எழுதினார். மற்றவர்களும் வரிசையாக எழுதினார்கள். நிதாய் பதிவேட்டைத் தூக்கினார்.

அருமைநாயகம் பெஞ்சியில் உட்கார்ந்து மண் குவளையில் டீயும் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டார். லாஹிரி உள்ளே போகும்வரை மறைவாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் மறைந்திருப்பதில் அவருக்கு அனுபவம் போதாது. கடையில் வாசலைப் பார்த்த பெஞ்சியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லாஹிரியின் அம்பாஸடர் வாசலில் திரும்பியபோது நேரே அவர் முகத்தில்தான் வந்து நின்றது.

கண்ணாடி இறங்கியது.

"நாயகம் பாபு! ஆபீஸுக்கு வரவில்லையா?"

"இன்னிக்கு வரலை சார்."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கு சார்."

"வீட்டில் யாருக்காவது?"

"எல்லாரும் சௌக்கியம் சார்."

"அப்படியானால் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

அருமைநாயகம் குவளையைப் பார்த்தார். "டீ குடிக்கிறேன் சார்."

லாஹிரி இருபது வருஷமாக ஆட்களை மேய்த்தவர். பாட்டி இறந்ததாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். ஒரே பாட்டியை மூன்று முறை சாகடித்தவரையும் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை.

"பாலத்தில் மாட்டிக்கொண்டீர்களோ? இன்று வெகுநேரம் தூக்கி வைத்திருந்தார்களாமே? நம் ஆட்கள் யாராவது..."

அருமைநாயகம் கையிலிருந்த பன்னை முழுசாக வாய்க்குள் திணித்தார். நிதானமாக மெல்ல ஆரம்பித்தார். கையால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மென்றார். லாஹிரி கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கண்ணாடி ஏறியது.

மத்தியானத்துக்குள் கம்பெனி முழுவதும் செய்தி பரவிவிட்டது. உத்தமர் அருமைநாயகம் லீவு சொல்லாமல் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, டீக்கடையில் பன் தின்றார், மேனேஜரையே மதிக்கவில்லை. ஒருநாள் சம்பளம் வெட்டி, எச்சரிக்கைக் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அவிசுவாசிகள் ஏழு பேரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். "இவராவது ஒழுங்கா இருக்காருன்னு நெனைச்சோம்" என்றார் மருதமுத்து.

அருமைநாயகம் நடந்ததை லில்லிபுஷ்பத்திடம் மட்டும் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், ராத்திரிக்கென்று வைத்திருந்த மீனைப் பகலிலேயே பொரித்தாள்.

சாயங்காலம் இருவரும் ஜலஜாவுக்கென்று ஒரு டின் ரசகுல்லாவோடு ஹௌராவுக்குப் போனார்கள். பட்டாபிராமன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் லாஹிரி கையெழுத்திட்ட ஒன்பது நாள் லீவு. அருமைநாயகத்தைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இறுகியது.

"வாரும். இப்பவாவது கோபம் தணிஞ்சுதோ?"

"கோபமா சார்?"

"பின்னே என்ன? நான் மனசைத் திறந்து ஒரு உண்மையைச் சொன்னேன். அதுக்கு மூஞ்சியைத் தூக்கிண்டு ஆபீஸுக்கே வராம டீக்கடையில போய் உட்கார்ந்துட்டீர். தப்பாச் சொல்லலே. உம்ம நல்லதுக்குச் சொல்றேன். உங்க மதத்தில மன்னிக்கறது ரொம்ப முக்கியம்னு கேள்விப்பட்டிருக்கேன். நாலு பேர் உம்மைப் பார்த்துண்டே இருக்கா ஓய். நீரே இப்படி நடந்துண்டா அவா என்ன நினைப்பா?"

லில்லிபுஷ்பம் விலுக்கென்று நிமிர்ந்தாள். வாயைத் திறப்பதற்குள் அருமைநாயகம் அவள் கையிலிருந்த டின்னை வாங்கி ஜன்னலுக்குள் நீட்டினார்.

"தப்புதான் சார். ஜலஜாவுக்கு எங்க ஆசீர்வாதத்தைச் சொல்லுங்க."

"போறது விடும். மனுஷாளுக்குச் சறுக்கறது சகஜம்."

"என்னங்க இது?" என்றாள் லில்லிபுஷ்பம் தாழ்ந்த குரலில், அவர் முழங்கையைக் கிள்ளி. "சொல்லுங்களேன் அவருட்ட."

"வண்டி கெளம்புது, தள்ளி நில்லு."

கார்டு விசில் ஊதினார். மெட்ராஸ் மெயில் நகர்ந்தது. பட்டாபிராமன் மடியில் ரசகுல்லா டின்னை வைத்துக்கொண்டு, வழி தவறிய ஒருவனுக்குப் புத்தி சொல்லித் திருத்திவிட்ட திருப்தியோடு, பிளாட்பாரம் மறையும்வரை கையசைத்துக்கொண்டே போனார்.